பதினாறாவது புலம்

"எங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பாட்டைக் குறை சொன்னவங்க யாரு யாருன்னு ஒரு புலம் வேணும்மா" என்றார் வந்திருந்த பெண்மணி. "உறவுக்காரங்க வார்ப்புல சேத்துருங்க. ஆமா, இல்லைன்னு வந்தாப் போதும்."

தங்கபாக்கியம் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் சிரித்தால் கடை நடக்காது. விரலை இரண்டு தடவை அசைத்துப் புலத்தைச் சேர்த்தாள். அந்த அம்மாளின் தன்னேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு உறவினர் பக்கங்கள். அத்தனையிலும் அந்தப் புலம் ஒரே நொடியில் முளைத்தது, முளைத்த வேகத்தில் நிரம்பியும்விட்டது.

"அடப்பாவி மனுசா! எங்க பெரிய மாமாவா?" என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "மூணு தடவை ரசம் வாங்கி ஊத்திக்கிட்டாரே!"

சிவகாசியில் நான்கு தெரு முழுக்க இதே வியாபாரம்தான். ஆளுக்கொரு தன்னேடு வந்து ஐம்பது வருடம் ஆகிறது. ஒருவர் கண்டது, கேட்டது, தெரிந்துகொண்டது எல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். தெரிந்த மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், போன ஊருக்கு ஒரு பக்கம், வீட்டு மிக்சிக்குக்கூட ஒரு பக்கம். மனிதர் என்றால் மனிதர் வார்ப்பு, ஊர் என்றால் ஊர் வார்ப்பு. வார்ப்பு என்பது வேறொன்றுமில்லை, என்னென்ன கேள்விக்கு விடை வேண்டும் என்ற பட்டியல். ஒவ்வொரு கேள்வியும் ஒரு புலம். பெயர், பிறந்த நாள், பிடித்த குழம்பு, கடைசியாகச் சண்டை போட்ட தேதி என்று யாருக்கு எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். விடையை எழுத யாரும் மெனக்கெட வேண்டாம். கழுத்துப் பொத்தானாகக் கிடக்கும் நிரப்பி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறது. நீங்கள் புலத்தைப் போட்டால் போதும், விடை தானாக வந்து உட்காரும்.

தங்கபாக்கியம் வார்ப்பு வெட்டுவதில் கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எவ்வளவு கெஞ்சினாலும் 'இதர விவரம்' என்று ஒரு புலம் வைத்துத் தரமாட்டாள். "அது சோம்பேறி போடுற புலம். என்ன வேணும்னு தெளிவாக் கேளுங்க, தர்றேன்" என்பாள்.

அன்று மத்தியானம் கொல்லிமலையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் கணவனின் தம்பி காளிராஜன், மலை மேலிருக்கும் வான்செவிக் கூடத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறான். வானத்திலிருந்து வரும் அலைகளைக் கேட்பது அவன் வேலை.

"அண்ணி, ஒரு உதவி. பதினாலு மாசமா ஒரு விண்மீன் பக்கமிருந்து சத்தம் வருது. யாரோ அனுப்புறாங்கன்னு நான் சொல்றேன், எங்க கூடத்துக்கு வெளிய ஒருத்தரும் நம்பலை. என்ன செய்தின்னும் எனக்குப் புரியலை. துண்டு துண்டா வெட்டி நாலாயிரம் பக்கம் போட்டு வச்சிருக்கேன். அந்தத் துண்டுகளுக்கு ஒரு வார்ப்பு வெட்டிக் குடுங்க. நிரப்பி எதையாவது கண்டுபிடிக்குதான்னு பாப்போம்."

"சொந்தக்காரிங்கிறதால சும்மா வெட்டித் தரணும், அதானே கொழுந்தனாரே?"

"மலைத்தேன் வாங்கித் தர்றேன் அண்ணி."

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, தலை கிறுகிறுக்க இறங்கியவளுக்கு ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்துவிட்டுக் காளிராஜன் கதையைச் சொன்னான். சத்தம் மூன்று பகுதியாக வந்தது. முதல் ஐந்து நாள் ஒரே இரைச்சல். அடுத்து ஒரு நாள் பூராவும் துடிப்பும் இடைவெளியுமாக ஏதோ ஒன்று. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரே சுருதியில் ரீங்காரம், ஒரு மாற்றமும் இல்லை. செய்தி இரண்டாவது பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று எல்லாருமாக அதைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பகுதியைச் சுவர் முழுக்க வரைந்து காட்டினான். துடிப்புகள் கோடுகளாக நின்றன. ஒரு கொத்துக் கோடு, அப்புறம் வெற்றிடம். இன்னொரு கொத்து, இன்னொரு வெற்றிடம். மோர் டம்ளர் கையில் இருக்க, தங்கபாக்கியம் சுவரோரமாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இதுக்கு நான் வார்ப்பு வெட்ட முடியாது."

"ஏன் அண்ணி?"

"இதுவே வார்ப்புத்தான்."

காளிராஜன் விழித்தான்.

"நீங்கல்லாம் கோட்டைப் படிக்கிறீங்க. நான் இடைவெளியைப் பாக்குறேன். இந்தா, இது பொடி இடம், ஆமா இல்லைக்கு விடுற மாதிரி. இது கொஞ்சம் பெருசு, ஒரு எண் எழுதலாம். இது இன்னும் பெருசு. இருபத்தஞ்சு வருசமா இதைத்தான நான் வெட்டுறேன், என் கண்ணுக்குத் தெரியாதா? அவங்க ஒண்ணும் சொல்லலை தம்பி. கேக்குறாங்க. பதினாறு கேள்வி."

"பதினஞ்சுதான் அண்ணி இருக்கு. பதினாறாவது கொத்துக்கு அப்புறம் இடமே இல்லையே, ரீங்காரம்தான்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அந்த ரீங்காரம்தான் இடம்" என்றாள் அவள் மெதுவாக. "பதினாலு மாசமா இடம் விட்டுக்கிட்டே இருக்காங்க."

ஒலிபெருக்கியில் ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. காலையில்கூட அது காளிராஜனுக்கு ஒன்றுமில்லாத சத்தமாக இருந்தது. இப்போது அதைக் கேட்க அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது, வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான்.

தங்கபாக்கியம்தான் முதலில் தெளிந்தாள். "சரி, மாதிரிப் பக்கம் எங்க?"

சிவகாசியில் மாதிரிப் பக்கம் இல்லாமல் எந்த வார்ப்பும் கடையை விட்டு இறங்காது. வெட்டியவர் தன்னைப் பற்றியே ஒரு பக்கம் நிரப்பி மேலே வைத்துக் கொடுப்பார். வாங்கியவர் அதைப் பார்த்து, இந்தப் புலத்தில் இப்படித்தான் எழுத வேண்டும் என்று புரிந்துகொள்வார். "ருசி பாக்காம எவளாவது பரிமாறுவாளா?" என்றாள். "இவ்வளவு நேர்த்தியா வெட்டின ஆளு மாதிரி வைக்காம அனுப்பியிருக்க மாட்டாங்க. முதல்ல வந்திருக்கும், தேடுங்க."

முதலில் வந்தது அந்த ஐந்து நாள் இரைச்சல். குப்பை என்று கழித்துக் கட்டி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அதை எடுத்து, வார்ப்பிலிருந்த கோட்டுக் கொத்துகளை அதற்குள் தேடச் சொன்னான் காளிராஜன். பதினாறு கொத்தும், அதே வரிசையில், அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடை இருந்தது.

முதல் விடை ஒரு துடிப்பு. அந்த விண்மீனின் ஒளி எப்படிக் கூடிக் குறைகிறதோ அதே துடிப்பு. ஆக, முதல் கேள்வி 'உன் சூரியன் எது?' இரண்டாவது விடை, அந்த உலகம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரம். அடுத்தடுத்து அங்குள்ள காற்று, சூடு, எடை. ஒரு வாரத்தில் பதினைந்து கேள்விகளும் விளங்கிவிட்டன. அதில் ஒன்றுதான் எல்லாரையும் உலுக்கியது. 'இதைச் சொல்வது எத்தனை பேர்?' அதற்கு விடை: ஒன்று.

ஒரு நாகரிகம் அனுப்பிய செய்தி இல்லை இது. ஒரே ஓர் ஆள். அங்கே யாரோ ஒருவர் தன் சொந்த ஏட்டுக்கு ஒரு வார்ப்பு வெட்டி, தன் பக்கத்தை எழுதி மேலே வைத்து, வானத்தைப் பார்த்து, "நீ யார்? உன் பக்கத்தை எழுதித் தா" என்று கேட்டிருக்கிறார். ஒன்பது ஒளியாண்டு தாண்டி அந்தக் கேள்வி கொல்லிமலையில் வந்து விழுந்திருக்கிறது!

"நம்ம தொழில் ஆளு" என்றாள் தங்கபாக்கியம்.

பதினாறாவது கொத்து மட்டும் விளங்கவில்லை. பார்த்தால், அது கொத்தே இல்லை. ஒரு கோடு, அவ்வளவுதான். கேள்விக்குப் பெயரே வைக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நாள் இரைச்சலில் மற்ற பதினைந்து விடையும் சேர்ந்து ஆறு மணி நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டன. மீதி நான்கேமுக்கால் நாளும் பெயரில்லாத அந்த ஒரு புலத்தின் விடை. அதில் எண் இல்லை, கணக்கு இல்லை. ஏறி, இறங்கி, தயங்கி, வந்தது மறுபடி வராமல் ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே ஒரு வெட்டு வரும். வெட்டுக்கு முன்னால் வந்தது கொஞ்சம் மாறி, வெட்டுக்குப் பின்னால் திரும்பத் தொடங்கும்.

"அடிச்சு அடிச்சு எழுதியிருக்கு" என்றாள் அவள். "பாவம், அதுக்கும் என்ன எழுதுறதுன்னு தெரியலை போல."

தான் காலமெல்லாம் வைக்க மறுத்த புலத்துக்கு அங்கே ஒருவர் நான்கேமுக்கால் நாளைக் கொடுத்திருக்கிறார். தங்கபாக்கியம் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காளிராஜன் ஒரு வரைபடத்தோடு வந்தான். முகம் செத்திருந்தது. "ரீங்காரம் குறைஞ்சுக்கிட்டே வருது அண்ணி. தினமும் இத்தனூண்டு. அனுப்புற ஆளுக்குச் சக்தி வத்துது. இதே மாதிரி இறங்கினா, இன்னிக்குக் கணக்குக்குப் பதினெட்டு வருசமும் நாப்பத்திரண்டு நாளும்தான் தாங்கும். நாம கேக்குறதே ஒன்பது வருசத்துக்கு முந்தின குரல். நம்ம பதில் போய்ச் சேர இன்னொரு ஒன்பது வருசம். கழிச்சா..."

"நாப்பத்திரண்டு நாள்."

"அதுக்குள்ள கிளம்பினாத்தான் பதிலைக் கேக்க அங்க ஆள் இருக்கும்."

உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து விடைக்குழு ஒன்றை அமைத்தன. தலைவர் நம்பெருமாள் நல்ல மனிதர், அரசுப் படிவங்களிலேயே தலை நரைத்தவர். பக்கத்தை எந்த நாடு எழுதுவது, யார் பெயரில் எழுதுவது என்று குழு இருபது நாள் அடித்துக்கொண்டது. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கடைசியில் அந்த வார்ப்பை எல்லார் தன்னேட்டிலும் போட்டுவிட்டார்கள். தொள்ளாயிரம் கோடி நிரப்பிகள், தொள்ளாயிரம் கோடிப் பக்கங்கள்.

கண் இமைப்பதற்குள் பதினைந்து புலமும் நிரம்பின. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொள்ளாயிரம் கோடியும் ஒரே பக்கம்! ஒரே சூரியன், ஒரே சுற்று, ஒரே காற்று, சொல்வது ஒருவர். மாளிகைக்காரரும் மண்வெட்டிக்காரரும் ஒரு புள்ளி மாறாமல் ஒன்று. ஆளுக்கு ஆயிரம் புலம் போட்டு 'என் ஏடு போல உண்டா' என்று மார்தட்டிய ஜனங்கள் அன்று ஒருவரையொருவர் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டார்கள். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டதாகக்கூடச் செய்தி வந்தது.

பதினாறாவது புலத்தில் மட்டுந்தான் ஆளுக்கு ஆள் மாற முடியும். அங்கேயும் தொள்ளாயிரம் கோடிப் பேருக்கும் ஒரே விடைதான் வந்திருந்தது: 'தகவல் இல்லை.'

நீங்களே எழுதுங்கள் என்று குழு மக்களைக் கேட்டது. எத்தனை எழுத்துக்குள் எழுத வேண்டும் என்று பாதிப் பேர் கேட்டார்கள். தேர்ந்தெடுக்கப் பட்டியல் தரமுடியுமா என்று மீதிப் பேர் கேட்டார்கள். ஒரு புலம் கேட்காத எதையும் யாரும் எழுதி ஐம்பது வருடமாகியிருந்தது.

மூன்று நாள் மிச்சமிருக்கையில் நம்பெருமாள் முடிவைச் சொன்னார். "பதினாறுல 'பொருந்தாது'ன்னு போட்டு அனுப்பிடலாம். காலியா விட்டாத்தாம்மா படிவம் திரும்பி வரும்."

தங்கபாக்கியத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "என்ன சார் பேசுறீங்க? அந்த ஜீவன் சாகக் கிடக்கு. நாலேமுக்கா நாள் தன் மனசைக் கொட்டிட்டு, உன்னுதைச் சொல்லுன்னு பதினெட்டு வருசம் காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருக்கப் போகுது. அதுக்கு நாம 'பொருந்தாது'ன்னா அனுப்புறது? எழவு வீட்டுல போய் ரசீது நீட்டுற மாதிரில்ல இருக்கு!"

நம்பெருமாள் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியுதும்மா. ஆனா நானும் எழுதப் பாத்தேன். ரெண்டு ராத்திரி உக்காந்தேன். எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. நீங்க எழுதுறீங்களா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மறுநாள் காலை ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்தார்கள். பேசுவதை அப்படியே அலையாக்கி அனுப்பும் ஏற்பாடு. உலகமே நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் கேள்வி வெட்டிக் கொடுத்தவள், கேள்வியில்லாத இடத்தில் கால் மணி நேரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். 'உதவட்டுமா?' என்று காதருகே கேட்ட நிரப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கழுத்து வெறுமையானதும் அவளுக்கு ஒன்று நினைவு வந்தது.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்க" என்று ஆரம்பித்தாள். "என் பேர் தங்கபாக்கியம். எங்க ஊர்ல தண்ணி கம்மி. இல்லை, அதை விடுங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல நான் நீச்சல் கத்துக்கிட்டேன். திருத்தங்கல் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. பொத்தானைக் கழட்டி வச்சிட்டுத்தான் தண்ணில இறங்கணும், அதனால இது எந்தப் பக்கத்துலயும் இல்லை. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. சொல்லக் கூடாதுன்னு இல்லை, அவரு கேக்கலை. தண்ணிக்குள்ள முங்கினதும் காது அடைக்கும். அப்ப நான் யாருக்கும் ஒண்ணுமே இல்லை. அம்மா இல்லை, அண்ணி இல்லை, கடைக்காரி இல்லை. அது சந்தோசமா, பயமா... இருங்க, தப்பாச் சொல்றேன். சந்தோசம்தான். ஆனா மேல வரும்போது ஒவ்வொரு தடவையும் அழுகை வரும். ஏன்னு தெரியலை. உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டா? உங்க ஊர்ல தண்ணி இருக்கா?"

மூன்று மணி நேரம் பேசினாள். தடுமாறினாள், திருப்பிச் சொன்னாள், ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். ஓர் இடத்தையும் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே அனுப்பினார்கள். நம்பெருமாள் தேம்பித் தேம்பி அழுதார். தப்பான நேரத்தில் தும்மிய ஒரு விஞ்ஞானியை நாலு பேர் முறைத்தார்கள். இரண்டு நாள் மிச்சமிருக்க, பூமியின் பக்கம் கிளம்பிவிட்டது.

அவள் பொத்தானை மறுபடி மாட்டியதும் நிரப்பி பணிவாகச் சொன்னது: "கேட்டேன், அருமை. இதில் பதினொரு புதிய புலங்கள் இருக்கின்றன. மனிதர் வார்ப்பில் சேர்க்கட்டுமா? ஒன்று: வீட்டில் சொல்லாமல் கற்றுக்கொண்டது. இரண்டு: காரணம் தெரியாத அழுகை. மூன்று..."

"வேண்டாம்" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள்.

அவள் சொன்னது அவள் நிரப்பியோடு சரி. நேரலையைக் கேட்ட தொள்ளாயிரம் கோடி நிரப்பிகளும் தத்தம் ஆளிடம் இதையே கேட்டன. யார் வேண்டாம் என்பார்? சாயங்காலத்துக்குள் உலகத்து மனிதர் பக்கம் அத்தனையிலும் பதினொரு புலங்களும் முளைத்து நிரம்பின. சனங்கள் வாய் பிளந்து வாசித்தார்கள். இப்படியும் நமக்குள் இருந்ததா என்று பூரித்துப்போனார்கள். சிவகாசிக் கடைகளில் கூட்டம் தாங்கவில்லையாம்.

கூடத்தில் ரீங்காரம் இன்னும் வந்துகொண்டிருந்தது. "இடம் இன்னும் திறந்துதான் இருக்கு அண்ணி" என்றான் காளிராஜன். "இன்னும் ரெண்டு நாள். இன்னொருத்தர் பேசினாலும் போய்ச் சேரும்."

"நீங்க பேசுங்க தம்பி. பதினஞ்சு வருசம் வானத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தது நீங்கதான். உங்ககிட்ட இல்லாததா?"

அவன் ஒலிவாங்கி முன்னால் ஆசையாக உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். பழக்கதோஷத்தில் தன் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்தான். வீட்டில் சொல்லாமல் கற்றுக்கொண்டது, காரணம் தெரியாத அழுகை, யாருக்கும் ஒன்றுமில்லாமல் இருந்த நேரம் என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை. அவன் பேச்சின் நடுவே விட்ட பெருமூச்சு, பாதியில் நிறுத்திய பாட்டு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நிரப்பி எழுதிய விடை. அவன் மெதுவாக ஒவ்வொன்றாகப் படித்தான்.

"தப்பா எழுதியிருக்கா?" என்று கேட்டாள் தங்கபாக்கியம்.

"இல்லை அண்ணி. எல்லாம் சரியாத்தான் இருக்கு." அவன் ஒலிவாங்கியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப நான் புதுசா என்ன சொல்றது?"

ஒலிபெருக்கியில் ரீங்காரம், நேற்றைவிட இத்தனூண்டு குறைந்து, இடம் விட்டுக்கொண்டே இருந்தது.